கூகுள் காலண்டர்: கிழமை மாத்தினா பழைய பதிவும் மாறுது

கேள்வி: செவ்வாய்தோறும் மாலை 5 மணிக்கு டியூஷன்னு ரிப்பீட் போட்டிருக்கு. ஜூலையிலிருந்து வியாழன். மாத்தினா ஜூன் பதிவுகளும் வியாழனுக்குப் போயிடுது. ஃபீஸ் கணக்குக்குப் பழசு அப்படியே வேணும். வீட்டுத் திதியையும் வருஷாவருஷம் வர்ற மாதிரி போடணும்.

பதில் 1: ஜூலையின் முதல் செவ்வாய்ப் பதிவைத் திறந்து மாத்துங்க. சேவ் பண்ணும்போது "இதுவும் இதற்குப் பிந்தையவையும்" என்பதைத் தேர்ந்தெடுங்க. "எல்லாம்"னு கொடுத்தா நடந்து முடிஞ்ச வகுப்பும் நகரும். வகுப்பு நின்னுபோனாலும் இதேதான். முழுத் தொடரையும் அழிச்சா பழைய கணக்கும் போயிடும்.

பதில் 2: திதிக்கு ரிப்பீட் சரிப்படாது. அது ஆங்கிலத் தேதியை மட்டும் பார்க்கும், திதி சந்திரனைப் பார்த்து வருது. பஞ்சாங்கத்துல தேதி பார்த்து, சிஎஸ்வி ஃபைல்ல (கமா போட்டுப் பிரிச்ச பட்டியல் ஃபைல்) வருஷத்துக்கு ஒரு வரி எழுதி, கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ் போய் இம்போர்ட் பண்ணுங்க. தேதியில மாதம் முதல்ல வரணும்: ஆகஸ்ட் 5 என்றால் 08/05/2026. இல்லேன்னா மே 8-ல போய் உட்காரும். தனி காலண்டர்ல ஏத்துங்க, தப்பானா அதை மட்டும் அழிச்சுடலாம்.

பதில் 3: மாத ரிப்பீட்டை 31-ம் தேதி வைக்காதீங்க. 30 நாள் மாசத்துலயும் பிப்ரவரியிலயும் பதிவே வராது.