'தி ஃப்ரெண்ட்' நாவலில் நாய்க்கு இடம் இருக்கிறதா?

சாம்பல்குருவி:
சிக்ரிட் நூனெஸ் எழுதி, 2018இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்ற 'தி ஃப்ரெண்ட்' நாவலை நேற்று படித்து முடித்தேன். நியூயார்க்கில் தனித்து வாழும் ஓர் எழுத்தாளரின் ஆசானும் நெடுநாள் நண்பருமான ஒருவர் தற்கொலை செய்துகொள்ள, அவர் வளர்த்த அப்போலோ என்ற முதிய கிரேட் டேன் நாயை அவருடைய மூன்றாம் மனைவி இவரிடம் ஒப்படைக்கிறார். நாய்க்கு அனுமதியில்லாத சிறிய வாடகை வீட்டில், முன்பின் பழகியிராத இரண்டு உயிர்கள் ஒரே இழப்போடு வாழத் தொடங்குகின்றன. இதுவரை எனக்குக் குறையில்லை. ஆனால் வீடு பறிபோகாமலிருக்க, மன ஆறுதலுக்கான துணை விலங்கு என்று அதற்குச் சான்று பெறும் இடம் உறுத்துகிறது. மனிதரின் துக்கத்துக்கு மருந்தானால்தான் நாய் ஒரு வீட்டில் இருக்கலாம் என்றால், இதை நாயைப் பற்றிய நாவல் என்று எப்படிச் சொல்வது?

பரண்மேல்புத்தகம்:
சான்று வாடகைச் சட்டத்தின் மொழி. அதை நாவலின் மொழியாகக் கொள்ள வேண்டாம். வளர்த்தவர் இறந்துவிட்டார் என்பதை நாய்க்கு யாராலும் விளக்க முடியாது. மூட்டுவாதத்தால் தளர்ந்த அந்தப் பெரிய உடல் ஊளையிடுகிறது. அந்த நாய்க்கு எழுத்தாளர், ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் கடிதங்களை உரக்கப் படித்துக் காட்டுகிறார். இதில் மருந்து யார், நோயாளி யார்?

சாம்பல்குருவி:
(நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிச் செல்லலாம்.) கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தை மறந்துவிட்டீர்களா? அங்கே தற்கொலைக்கு முயன்ற அந்த ஆசான் உயிர் பிழைத்திருக்கிறார். அவரிடம் இருப்பது டாக்ஸ்ஹண்ட் என்ற சிறிய இன நாய். அப்படியானால் நாம் உடன் சேர்ந்து துக்கம் காத்த அப்போலோ, எழுதுபவர் தமக்கு வேண்டிய அளவில் செய்துகொண்ட கற்பனையாகிவிடுகிறது. என் குற்றச்சாட்டை நாவலே ஒப்புக்கொள்கிறது என்பேன்.

பரண்மேல்புத்தகம்:
மகாபாரதத்தில் தருமரோடு கடைசிவரை நடந்த நாயும் நாயன்று, அறக்கடவுள் என்று தெரியவருகிறது. அதனால் அந்த நடை பொய்யென்று நம்மில் எவரும் சொன்னதில்லையே.

சாம்பல்குருவி:
ஒப்புமை பொருந்தவில்லை ஐயா. நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தருமர் மறுத்த பிறகுதான் அங்கே உருவம் மாறுகிறது. அவருக்கு அது வெறும் நாயாக இருந்ததில்தான் அந்த மறுப்பின் மதிப்பே இருக்கிறது.

ஈரமணல்:
இருவரும் கடைசி அத்தியாயத்தைத் தொடவில்லை. அதுவரை இறந்தவரை நோக்கிச் சொல்லப்பட்டுவந்த 'யூ' என்ற சொல், கடற்கரை வீட்டில் கழியும் அந்த இறுதிக் கோடையில் நாயை நோக்கித் திரும்புகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் அந்த நகர்வு ஓசையின்றி நிகழ்ந்துவிடுகிறது. தமிழில் ஆசானை 'நீங்கள்' என்றும் நாயை 'நீ' என்றும் எழுதினால் அந்த நுட்பமே போய்விடும். அப்போலோ கற்பனையோ இல்லையோ, அதுவரை ஒரு மனிதருக்கே உரியதாயிருந்த அழைப்பு முழுவதுமாக அதற்குக் கிடைத்திருக்கிறது. சாம்பல்குருவி கேட்ட இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சாம்பல்குருவி:
இதை நான் கவனிக்கவில்லை. சான்றைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை என்றாலும், கடைசி அத்தியாயத்தை இன்றிரவு மறுபடி படிக்கிறேன். தமிழில் பெயர்ப்பதானால், ஆசானையும் தொடக்கத்திலிருந்தே 'நீ' என்று எழுதத் துணிவீர்களா?