மரை ஏறியது, ஆனால் பிடிக்கவில்லை: உயர் அழுத்த ஃபிட்டிங் அனுபவங்கள்

துவாஸ் ஃபிட்டர்:

ட்யூபையும் பைப்பையும் இணைக்கிற ஃபிட்டிங் கொஞ்சம்கூடப் பொருந்தாவிட்டால் எனக்குப் பயம் இல்லை. அது கையிலேயே நின்றுவிடும், வேறு எடுத்துவரப் போவோம். பாதி பொருந்துகிற ஃபிட்டிங்தான் ஆளைக் கொல்லும். உள்ளே போகும், மரை ஏறும், ஸ்பானருக்கு இறுகும், குறைந்த பிரஷரில் லீக்கும் காட்டாது. சிங்கப்பூரில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஒரே பிளாண்டில் அமெரிக்கக் கம்ப்ரஸர் என்.பி.டி என்ற அமெரிக்க பைப் மரையோடு இருக்கும், பக்கத்தில் ஜப்பான் பம்ப் பி.டி என்ற ஜப்பான் பைப் மரையோடு இருக்கும், அதற்குப் பின்னால் ஜெர்மன் ஹைட்ராலிக் யூனிட் முழுக்க மில்லிமீட்டரில் இருக்கும். ஸ்டோரில் பார்த்தால் மூன்றுக்குமான சாமானும் ஒரே ரேக்கில் கிடக்கும். இப்படி எதையாவது நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவும். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

துவாஸில் ஒரு நைட்ரஜன் பேனல். ட்யூப் எல்லாம் அரை இன்ச், வேலை பிரஷர் 200 பார். வேறொரு கான்ட்ராக்டர் போட்டுவிட்டுப் போன வேலை. டெஸ்டுக்கு முன்னால் ஒவ்வொரு ஜாயிண்ட்டாகப் பார்க்கச் சொல்லி எங்களை அனுப்பினார்கள். நட்டுக்கும் பாடிக்கும் நடுவில் கேப் கேஜ் வைத்துக்கொண்டே போனோம், எங்கேயும் நுழையவில்லை. நுழையாவிட்டால் இறுக்கம் போதும் என்று கணக்கு. ஒரு எல்போவில் மட்டும் என்னோடு வந்த தம்பி நின்றுவிட்டார். நட்டின் பின்வாயில் ட்யூபைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் மாதிரி ஓர் இடைவெளி, மற்ற ஜாயிண்ட்களில் அது இல்லை. வெர்னியர் வைத்தார். 12.0 மில்லி காட்டியது. அரை இன்ச் ட்யூப் என்றால் 12.7 இருக்க வேண்டும். மில்லிமீட்டர் ட்யூபை இன்ச் ஃபிட்டிங்கில் செருகி இறுக்கியிருக்கிறார்கள்! கழற்றிப் பார்த்தபோது ஃபெரூல், அதாவது ட்யூபைக் கடித்துப் பிடிக்கிற உள் வளையம், ஒரு பக்கம் லேசாகக் கடித்திருந்தது, மறுபக்கம் வெறும் தேய்ப்புத் தடம்தான். 200 பாரில் அந்த ட்யூபை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 230 கிலோ எடைக்குச் சமம். பேனல் இருந்தது முக உயரத்தில்.

அந்தக் கேப் கேஜ் இறுக்கத்தை மட்டும்தான் சொல்லும். ட்யூப் சரியான அளவா, அடிவரை போய் உட்கார்ந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் எங்கள் டீமில் இப்போது ட்யூபை வெட்டி, வெட்டிய ஓரத்துப் பிசிறை (பர்) எடுத்து, வெர்னியர் வைத்த பிறகுதான் ஃபிட்டிங்கைத் தொடுவோம். செருக வேண்டிய ஆழத்துக்கு ட்யூபில் மார்க்கரால் ஒரு கோடு போடுவோம். கோடு வெளியே தெரிந்தால் ட்யூப் அடி தட்டவில்லை. பிறகு நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கி, கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் இன்னொரு கோடு. ஒன்றேகால் சுற்று சுற்றினால் அது 9 மணிக்கு வந்து நிற்கும். கால் இன்ச்சிலிருந்து ஒரு இன்ச் வரைக்கும் இதுதான் அளவு. 3/16 இன்ச்சும் அதற்குக் கீழும் என்றால் முக்கால் சுற்று போதும்.

பயனியர் இன்ஸ்பெக்டர்:

அண்ணே, நல்ல விஷயம் ஆரம்பித்தீர்கள். நான் க்யூசியில் (தரச் சோதனை) இருக்கிறேன். எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது அரை இன்ச் மரை.

ஜப்பான் பம்ப் ஒன்றின் டிஸ்சார்ஜில் பிரஷர் கேஜ் போர்ட் கசிந்துகொண்டே இருந்தது. டேப் சுற்றினார்கள், கசிந்தது. சூப்பர்வைசர் இன்னும் நாலு சுற்று போடச் சொன்னார், அப்புறமும் கசிந்தது. நிப்பிள் என்ற அந்த இரண்டு பக்க மரைக் குட்டி பைப்பைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, மரையின் நெருக்கத்தைப் பார்க்கிற பிட்ச் கேஜ் வைத்தேன், அழகாக உட்கார்ந்தது. அங்கேதான் ஏமாந்துபோவோம். அரை இன்ச், முக்கால் இன்ச் இரண்டிலும் என்.பி.டிக்கும் பி.எஸ்.பி என்ற பிரிட்டிஷ் பைப் மரைக்கும் இன்ச்சுக்கு 14 மரைதான். ஜப்பான்காரர்களின் பி.டி என்பதும் பி.எஸ்.பியின் டேப்பர் (முனை நோக்கிச் சிறுத்துப் போகிற) மரையேதான். ஆனால் என்.பி.டி மரையின் கோணம் 60 டிகிரி, பி.எஸ்.பியின் கோணம் 55 டிகிரி. மரை ஏறிவிடும், பக்கங்கள் முழுதாக ஒட்டாது, நடுவில் சுருள் மாதிரி ஒரு வழி இருந்துகொண்டே இருக்கும். டேப் அதைக் கொஞ்ச நாள் அடைக்கும், அவ்வளவுதான். கால் இன்ச்சாக இருந்திருந்தால் 18க்கும் 19க்கும் உள்ள வித்தியாசம் பிட்ச் கேஜிலேயே தெரிந்திருக்கும். அரை இன்ச்சுக்கு மெஷினின் டிராயிங்கையும் ஃபிட்டிங்கில் அடித்திருக்கிற எழுத்தையும் படிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எழுத்தே இல்லாத ஃபிட்டிங் என் கைக்கு வந்தால் ரிஜெக்ட்தான், யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

இன்னொன்று, ஜூரோங் தீவில் வேலை செய்கிறவர்களுக்கு. கடல் காற்றில் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். 316 என்று அடித்திருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் பி.எம்.ஐ கன் வைத்துப் பாருங்கள். 316இல் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருக்கும். ஆனால் எங்களிடம் இருக்கும் எக்ஸ்-ரே கன்னுக்குக் கார்பன் தெரியாது, 316ஆ, கார்பன் குறைந்த 316எல்லா என்று அது சொல்லாது. அதற்கு மில் சர்டிஃபிகேட்டும் (ஆலை தரும் சான்று) பைப்பில் அச்சடித்த ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) ஒத்துப்போக வேண்டும். பிளாஸ்டிக் கிளாம்ப்புக்கு அடியிலும் கழற்றிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் தேங்கி 316 ட்யூபையே அரித்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும்.

ஹைட்ராலிக் கைகள்:

நான் கிரேன், எக்ஸ்கவேட்டர் பக்கம். எங்களிடம் இதே கதை ஃப்ளேரில், அதாவது ட்யூப் வாயைக் கோனாக விரித்துப் போடுகிற ஜாயிண்ட்டில் நடக்கும். ஜே.ஐ.சி வகை 37 டிகிரி, எஸ்.ஏ.இ வகை 45 டிகிரி. கால் இன்ச், அரை இன்ச் அளவுகளில் இரண்டுக்கும் மரை ஒன்றே, நட் வழுக்கிக்கொண்டு ஏறும். உள்ளே கோன் ஒரு வட்டக் கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். ஆங்கிள் கேஜ் சின்னச் சாமான்தான், பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. லைனில் ஊசிமுனை அளவு ஓட்டை. ஆயில் பீய்ச்சுவதுகூடக் கண்ணுக்குத் தெரியாது, மெல்லிய பனி மாதிரி இருக்கும். கூட வேலை செய்தவர் எங்கே என்று தேட விரலால் தடவினார். விரலில் சின்னச் சிவப்புப் புள்ளி, வலிகூட இல்லை. கிளினிக்குப் போய் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வரலாம் என்று பேச்சு வந்தது. எங்கள் சேஃப்டி ஆபிசர் ஒரே பிடிவாதமாக 995க்குப் (ஆம்புலன்ஸ்) போன் அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அன்று இரவே ஆபரேஷன் செய்து உள்ளே பரவியிருந்த ஆயிலை எடுத்தார்கள். விரல் பிழைத்தது. தோலைத் துளைக்க 7 பார் போதும், நம் லைன்களில் 250, 300 பார் சாதாரணம். வலி இல்லை என்று நேரம் கடத்தினால் சதை உள்ளேயே அழுகிவிடும். லீக் தேடுவதென்றால் அட்டையைப் பிடித்துத் தேடுங்கள், கையுறை போட்டிருந்தாலும் கையைக் கொண்டுபோகாதீர்கள். ஆஸ்பத்திரியில் "காயம்" என்று மட்டும் சொல்லாமல் "ஹை பிரஷரில் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லுங்கள். எந்த ஆயில் என்ற தாளையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

கப்பல் பட்டறை:

ஹைட்ரோபிளாஸ்டிங் செய்கிறோம், தண்ணீரைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்கிற வேலை, 2,500 பாருக்கு மேல் தண்ணீர். அங்கே ஃபெரூல் எல்லாம் கிடையாது. ட்யூப் முனையைக் கோனாகச் சீவி, இடது மரையில் காலர் ஏற்றி, அதை அழுத்திப் பிடிக்கிற கிளாண்ட் நட் போடுவோம். ஃபிட்டிங் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் விட்டால் தண்ணீர் அந்த வழியாக வந்து, இந்த ஜாயிண்ட் போய்விட்டது என்று காட்டிக்கொடுக்கும். ஒரு பம்ப் ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்தது. பார்த்தால் அந்தத் துளையில் எபாக்ஸி! லீக் என்று நினைத்து யாரோ அடைத்திருக்கிறார்கள். அடைத்தால் அந்தப் பிரஷர் மரைக்குள் போய் நிற்கும், கிளாண்ட் நட்டே தெறித்துப் பறக்கலாம். அந்தத் துளை உயிரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, அதற்குப் பெயின்ட்கூடப் படக்கூடாது. நாங்கள் பம்ப் மெஷினைத் தொடும் முன் எல்லாத் துளையிலும் மெல்லிய கம்பி விட்டுப் பார்க்கிறோம்.

புதுசு, உட்லண்ட்ஸ்:

வணக்கம் அண்ணே, அக்கா. ஊரில் ஐ.டி.ஐ முடித்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு சந்தேகம். சின்ன லீக் என்றால் பிரஷர் இருக்கும்போதே லேசாக இறுக்கலாம் என்கிறார்கள், சரியா? கழற்றிய ஃபிட்டிங்கைத் திரும்பப் போடலாமா?

துவாஸ் ஃபிட்டர்:

தம்பி, முதல் கேள்விக்கு முடியவே முடியாது. பிரஷரை முழுக்க இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டி, வென்ட் (பிரஷர் வெளியேறும் வழி) திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பானர். யார் சொன்னாலும் இதில் வளைந்துகொடுக்காதே. அவசரப்படுத்தினால் அந்த வேலைக்கான பர்மிட் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேள்.

இரண்டாவது, போடலாம். கழற்றும் முன் நட்டிலும் பாடியிலும் ட்யூபிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள். திரும்பப் போடும்போது அதே கோட்டுக்கு வரும்வரை சுற்று. அங்கே ஸ்பானருக்கு நன்றாக இறுக்கம் தெரியும், அதற்குமேல் லேசாக ஒரு அழுத்து போதும். மறுபடி ஒன்றேகால் சுற்று சுற்றாதே. கேப் கேஜ் முதல் தடவைக்கு மட்டும்தான், திரும்பப் போடுவதற்கு அதை நம்பாதே. கடித்த ஃபெரூல் அந்த ட்யூபோடேயே இருக்கட்டும், ஒரு கம்பெனி நட்டில் இன்னொரு கம்பெனி ஃபெரூலும் வேண்டாம்.

பயனியர் இன்ஸ்பெக்டர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று, தம்பி. திரும்பப் போட்ட பிறகு டெஸ்ட் என்றால் முடிந்தவரை தண்ணீரில் கேள். டிசைன் பிரஷரின் ஒன்றரை மடங்கு ஏற்றினாலும் தண்ணீர் அதிகம் அமுங்காது, ஜாயிண்ட் விட்டால் பிரஷர் உடனே விழுந்துவிடும். கேஸில் 1.1 மடங்குதான் ஏற்றுவார்கள், ஆனால் அமுங்கிய கேஸ் ஒரேயடியாக விரியும். கேஸ்தான் வழி என்று முடிவானால், கயிறு கட்டி ஆளை வெளியேற்றினார்களா, ரிலீஃப் வால்வ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீயும் கயிற்றுக்கு வெளியே நில்.