பேட்டர்ன் வருகிறது, மெட்டு வரமாட்டேன் என்கிறது

மரக்கூடு:
கிட்டாரில் ஃபிங்கர்பிக்கிங் (கம்பிகளை விரல்களாலேயே மீட்டும் முறை) பழகத் தொடங்கி 14 மாதங்கள் ஆகின்றன. சி, ஜி, ஏ மைனர் கார்டுகளில் டிராவிஸ் முறைப் பேட்டர்ன்கள் மூன்றைத் தடங்கலின்றி வாசிக்கிறேன்; அதாவது கட்டைவிரல் தடித்த பேஸ் கம்பிகளில் சீராகத் தாளம் போட, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளை இழுக்கும், திரும்பத் திரும்ப வரும் விரல் வரிசைகள். யாரேனும் பாடினால் பின்னணியும் தந்துவிடுகிறேன். ஆனால் பாடலின் மெட்டையே அந்த மெல்லிய கம்பிகளில் எடுக்க முயன்றால், கட்டைவிரல் தன் தாளத்தை விட்டுவிட்டு மெட்டின் பின்னால் ஓடிவிடுகிறது. இன்னும் சில பேட்டர்ன்களைக் கற்றுக்கொண்டால் இது சரியாகுமா?

ஆறாம்கம்பி:
ஆகாது என்றே நினைக்கிறேன். பேட்டர்னில் எல்லா விரல்களும் ஒரே அசைவாக மனப்பாடமாகியிருப்பதால், ஒன்றை மாற்றினால் மற்றவையும் கலைந்துவிடுகின்றன. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடிகளில் வைத்து, சி கார்டில் கட்டைவிரலை மட்டும் ஐந்தாம் கம்பிக்கும் நான்காம் கம்பிக்கும் மாறி மாறி ஓடவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே அதை வாசிக்க முடியும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். அதன்பின் மிக மெல்லியதான முதல் கம்பியில் ஒரே ஒரு சுரத்தைச் சேருங்கள். நான்கு அடிகளும் அவற்றை அடுத்து வரும் இடைவெளிகளுமாக ஒரு சுற்றில் எட்டு இடங்கள் உள்ளன. அச்சுரத்தை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக வைத்துப் பழக வேண்டும். அடியோடு சேர்ந்து விழும்போது இரண்டு விரல்களும் கிள்ளுவதுபோல் இழுப்பதால் அது எளிது. இடைவெளியில் விழும்போதுதான் கட்டைவிரல் நடை மறக்கும். இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவிலுள்ள அந்த ஓர் இடம் மட்டுமே எனக்கு மூன்று வாரங்களை விழுங்கியது.

தாளக்கட்டு:
வலது கையைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பாதிச் சிக்கல் இடது கையில் இருக்கிறது. சி கார்டைக் கலைக்காமலே சுண்டுவிரலால் இரண்டாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டையும் (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்) முதல் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டையும் தொடலாம். ஏற்கெனவே கைக்குள் இருக்கும் சுரங்களோடு சேர்த்தால் சி, டி, ஈ, ஜி என நான்கு சுரங்கள் கிடைத்துவிடும், ஒரு சிறிய மெட்டுக்கு அவையே போதும். எஃப் கார்டில், டிராவிஸ் முறைக்குப் பெயர் தந்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் செய்ததைப் போல ஆறாம் கம்பியைக் கழுத்துக்கு மேலாகக் கட்டைவிரலால் அழுத்தினால் மற்ற விரல்களுக்கு விடுதலை கிடைக்கும். அவர் வலது கையில் பெரும்பாலும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மட்டுமே பயன்படுத்தியவர் என்பதால், நான்கு விரல்களும் வேலை செய்தாக வேண்டும் என்று கவலைப்படவும் தேவையில்லை. இடக்கையரான அமெரிக்க நாட்டுப்புறக் கலைஞர் எலிசபெத் காட்டனோ கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, விரல்களால் பேஸையும் கட்டைவிரலால் மெட்டையும் வாசித்தார்!

பழையமரம்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மெட்டு சரியாக வந்த பிறகும் அது காதில் விழாமல் போவதுண்டு, ஏனெனில் கட்டைவிரல் இயல்பாகவே உரத்து ஒலிக்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பாலத்துக்கு (கிட்டாரின் உடலில் கம்பிகள் முடியும் கட்டை) அருகில் பேஸ் கம்பிகள்மீது இலேசாக வைத்து அவற்றை மட்டும் மழுங்கச் செய்யுங்கள். அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் செய்த ஒலிப்பதிவுகளைக் கேட்டால், பேஸ் எவ்வளவு சீராக நடக்கிறது, மெட்டு அதன்மேல் எவ்வளவு நிதானமாக உட்காருகிறது என்பது விளங்கும்.

மரக்கூடு:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு கட்டைவிரலை மட்டும் ஓடவிட்டுப் பேச முயன்றேன். என் பெயரைச் சொல்வதற்குள்ளேயே தாளம் தவறிவிட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.