மறு: 39ஆவது காங்கிரசுக்குக் "கூட்டத்தொடர்" பொருந்தாது, "அவைக்காலம்" என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாம் எழுதும் கட்டுரையில் "39ஆவது காங்கிரஸ் கூட்டத்தொடர்" என்று வந்திருக்கிறது. காங்கிரஸ் என்பது இங்கே அமெரிக்க நாடாளுமன்றம். அதை அப்படியே விடக்கூடாது என்று நினைக்கிறேன். செஷன் என்பதற்குத்தான் கூட்டத்தொடர். இங்கே நமக்கு வேண்டியது ஒரு தேர்தலில் பிறந்த அவை அடுத்த அவை வரும்வரை உயிரோடு இருக்கிற மொத்தக் காலத்துக்கு ஒரு பெயர்.

தேதிகளைப் பாருங்கள். 39ஆவது காங்கிரஸ் 1865 மார்ச் 4 அன்று தொடங்கி 1867 மார்ச் 4 அன்று முடிந்தது. ஆனால் மார்ச்சில் மேலவையான செனட் மட்டும் சில நாள் தனியாகக் கூடியதை விட்டால், இரண்டு அவைகளும் முதல் தடவை உட்கார்ந்தது 1865 டிசம்பர் 4 அன்றுதான். நடுவில் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்துக்குள்தான் தென்மாநிலப் படைத்தலைவர் ஜெனரல் லீ சரணடைந்தார், அதிபர் லிங்கன் சுடப்பட்டு இறந்தார், ஆண்ட்ரூ ஜான்சன் அதிபராகி, காங்கிரசைக் கேட்காமலே, பிரிந்துபோய்ப் போரிட்ட தென்மாநிலத்தாருக்கு மன்னிப்பு வழங்கி அங்கே புதிய அரசுகள் அமையவும் வழிசெய்தார், அப்புறம் மிசிசிப்பியில் விடுதலையான கறுப்பின மக்களைத் திரும்பவும் பண்ணை வேலைக்குள் கட்டிப்போடும் சட்டங்கள் வந்தன. டிசம்பரில் அவை கூடி வருகைப் பட்டியலை வாசிக்கும்போது கீழவைச் செயலர் எட்வர்ட் மெக்பர்சன் தென்மாநில உறுப்பினர்களின் பெயர்களை விட்டுவிட்டே வாசித்தார். டென்னசியிலிருந்து வந்த ஹொரேஸ் மேனார்ட் எழுந்து பேசப் பார்த்தார், விடவில்லை. அன்றைக்கு ஏன் அவ்வளவு கடுமை என்பது அந்த ஒன்பது மாதம் தெரிந்தால்தான் புரியும். கூட்டத்தொடர் என்று எழுதிவிட்டால் அந்த மாதங்கள் கணக்கிலேயே வராது.

சரி, பதவிக்காலம் என்று சொன்னால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். பதவிக்காலம் ஆளுக்கு உரியது. நம் மாநிலங்களவை உறுப்பினருக்கு 6 ஆண்டு பதவிக்காலம் உண்டு, ஆனால் அந்த அவை கலைவதே இல்லை. அமெரிக்க செனட்டரும் 6 ஆண்டு இருப்பார், அதற்குள் மூன்று காங்கிரஸ் வந்து போய்விடும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பிள்ளை குழம்பத்தான் செய்யும்.

புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர், சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்ததற்கான ஓய்வூதியம் வாங்குகிறவர். பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுவார். 2024இல் அந்த நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "பதினாறாவது லெஜிஸ்லாத்யூர் ரெண்டே வருஷத்துல போச்சு தம்பி" என்றார். ஆங்கிலத்தில் அதே சொல் சட்டமன்றத்தைக் குறிக்கிறது, பிரெஞ்சிலோ அது சட்டமன்றம் நீடிக்கும் காலத்தையும் குறிக்கிறது. அவர் சொன்னதை அன்றைக்கே தமிழில் எழுதிப் பார்த்தேன், சொல் கிடைக்கவில்லை. பிறகுதான் "அவைக்காலம்" தோன்றியது. "பதினாறாம் அவைக்காலம் இரண்டே ஆண்டில் முடிந்தது." "மாநிலங்களவைக்கு அவைக்காலம் கிடையாது." இலங்கையில் 2010 ஏப்ரல் தேர்தலில் வந்த ஏழாவது நாடாளுமன்றத்தைப் "போர் முடிந்தபின் வந்த முதல் அவைக்காலம்" என்று சொல்லிவிடலாம். எல்லா இடத்திலும் சரியாக உட்காருகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. வரைவை வாசித்த ஒன்பதாம் வகுப்புப் பெண், "1866இல் காங்கிரஸ் சட்டம் போட்டது என்று இருக்கிறதே, காங்கிரஸ் 1885இல்தானே தொடங்கியது?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் 39ஆம் அவைக்காலம் என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழாது.

புதுச்சேரியிலிருந்து

* * *

ஐயா, வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன்.

சொல் பிடித்திருக்கிறது. ஒரே தயக்கம், சங்ககாலம், சோழர்காலம் மாதிரி ஏதோ ஒரு யுகம் என்று எடுத்துக்கொள்வார்களோ?

அதோடு ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் (போருக்குப்பின் தென்மாநிலங்களை மீண்டும் நாட்டோடு சேர்த்த பணி) என்பதற்குக் கட்டுரையில் இருக்கும் "மறுசீரமைப்பு" வேண்டாம் என்பேன். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் தொகுதி மறுசீரமைப்புதான் ஞாபகம் வரும். ஜான்சன் தன் வேலையை ரெஸ்டோரேஷன் என்றே சொல்லிவந்தார், பழையபடி ஆக்கினால் போதும் என்பது அவர் எண்ணம். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எங்கள் பக்கம் சாய்ந்த மின்கம்பத்தை நிமிர்த்திச் சீரமைத்தார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போன கொல்லையில் சீரமைக்க என்ன இருந்தது? புதிதாக நட வேண்டியிருந்தது. ஜான்சன் கேட்டது சீரமைப்பு, காங்கிரஸ் கேட்டது "மறுகட்டமைப்பு". இரண்டு சொல்லும் கட்டுரையில் எதிரெதிரே நிற்கட்டும்.

* * *

நண்பருக்கு,

மறுகட்டமைப்பு அப்படியே சேர்த்துவிட்டேன், புயல் உதாரணத்தையும் அடைப்புக்குறியில் போட்டிருக்கிறேன். யுகக் குழப்பம் பற்றி: சோழர்காலத்துக்கு முன்னால் யாரும் எண் போடுவதில்லை. எண்ணோடு வரும்போது சந்தேகம் வராது. தனியாக வரும் இடத்தில் "அவையின் காலம்" என்று பிரித்து எழுதிவிடலாம்.

உங்கள் மடலைப் படித்தபின் கடைசிப் பத்தியை இப்படி மாற்றினேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"39ஆம் அவைக்காலத்தில் குடிமை உரிமைச் சட்டத்தை அதிபர் தடுத்தும், 1866 ஏப்ரலில் இரண்டு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அதை மீண்டும் நிறைவேற்றின. ஜூனில் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தை நிறைவேற்றி மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பின. 1867 மார்ச் 2 அன்று மறுகட்டமைப்புச் சட்டம் வந்தது, தெற்கின் பத்து மாநிலங்கள் ஐந்து இராணுவ மாவட்டங்களாயின. அதிபர் தனியாக ஆளுவதற்கு இன்னொரு ஒன்பது மாதம் கிடைத்துவிடக்கூடாது என்பதற்காக, 40ஆம் அவைக்காலம் தொடங்கும் மார்ச் 4 அன்றே அவை கூட வேண்டும் என்றும் சட்டம் செய்துவிட்டுத்தான் கலைந்தார்கள்."