ஃபின்சே–அவுர்லான்ட் மலைப்பாதை: ஜூன் கடைசியில் பனி எப்படி இருக்கும்?

நார்வேயில் இந்தப் பாதையில் நடந்தவர்கள் சொல்லுங்கள். ஜூன் கடைசி வாரம் ஃபின்சே ரயில் நிலையத்தில் (1,222 மீட்டர்) இறங்கி, கெய்ட்டெரிக் விடுதி, ஓஸ்டர்பே வழியாக வாஸ்பிக்டி வரை நடக்கத் திட்டம். ஓஸ்டர்பேக்குக் கீழே இறக்கம் செங்குத்துதான், ஆனால் பனித் தொல்லை இருக்காது. முதல் நாள்தான் இடிக்கிறது. கிளெம்ஸ்பு பக்கம் சுமார் 1,600 மீட்டர் வரை ஏற வேண்டும். பனி மூடினால் கல்குவியல்களில் தீட்டியிருக்கும், பாதை காட்டும் சிவப்பு 'டி' (T) அடையாளம் தெரியாது. ஓடைமேல் நிற்கும் பனியை அடியில் தண்ணீர் அரித்திருக்கும். மதியத்துக்கு மேல் இளகி, கால் வைத்தால் உள்ளே போய்விடும், அதிலும் கரையோரம் மோசம்.

ஷூவில் மாட்டும் சங்கிலி முள் போதுமா, பனியில் புதையாமல் நடக்க மாட்டும் அகலமான ஸ்னோஷூ வேண்டுமா? ஓடைகளின்மேல் கோடைக்கு மட்டும் போடும் பாலங்களை அதற்குள் போட்டுவிடுவார்களா? 1:50,000 வரைபடமும் காம்பஸும் கையில் உண்டு. லீவை ஜூலைக்கு மாற்ற வழியில்லை. நிலைமை மோசமென்றால் ஃபின்சேயை விட்டுவிட்டு ஓஸ்டர்பேயிலிருந்தே தொடங்கலாமா?