மாசமாக இருக்கும் விருந்தாளிக்கு என்ன இனிப்பு செய்வது? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் இங்கே வந்த முதல் வருடம், என்னோடு வேலை பார்த்த ஒரு ஆங்கிலேயப் பெண்ணை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அவருக்கு அப்போது ஐந்தாம் மாதம். சாப்பாடெல்லாம் நம் சமையல்தான். இனிப்பாவது அவருக்குப் பழகியதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு டிராமிசு செய்தேன். பச்சை முட்டை, கெட்டியான காபி, கொஞ்சம் ரம். அவர் என்னென்ன சேர்த்தேன் என்று கேட்டுவிட்டு, இப்போதைக்கு இதைச் சாப்பிட முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். வீட்டில் வேறு இனிப்பு இல்லை. வயிற்றில் பிள்ளையோடு வந்தவருக்கு ஒரு வாய் இனிப்பு கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் எனக்குப் பல நாள் இருந்தது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் இனிப்புகளில் இந்தக் கவலை அநேகமாக இல்லை. பாயசம், கேசரி, அல்வா என்று எல்லாமே அடுப்பில் கொதித்தோ கிளறியோ இறக்குபவை. இந்த ஊர் விருந்துகளில் வைக்கும் இனிப்புகளில் பல, அடுப்புப் பக்கமே போகாமல் ஃபிரிட்ஜில் இறுகுபவை. சாக்லேட் மூஸ், டிராமிசு, சுடாத சீஸ்கேக் எல்லாம் அந்த வகை. கர்ப்ப காலத்தில் இங்கே மிட்வைஃப்கள் (பேறுகால மருத்துவச்சிகள்) அதிகம் எச்சரிப்பது லிஸ்டீரியா என்ற கிருமியைப் பற்றி. அது ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், நன்றாகச் சூடேறினால் செத்துவிடும். தாய்க்கு வெறும் காய்ச்சல் போல வந்து போனாலும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கக் கூடியது. ஆகவே எந்தச் செய்முறையைப் பார்த்தாலும், இது முழுதாக வேகிறதா என்று முதலில் பாருங்கள். வெந்தது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

முட்டை விஷயத்தில் இங்கே ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் கர்ப்பிணிகள் பச்சை முட்டையைத் தொடவே கூடாது என்றார்கள். 2017 அக்டோபரில் அந்த அறிவுரையை மாற்றினார்கள். ஓட்டின் மேல் சிவப்புச் சிங்க முத்திரை குத்திய கோழி முட்டையை அரைவேக்காடாகவும் சாப்பிடலாம், பச்சையாகவும் சேர்க்கலாம். முத்திரை இல்லாத முட்டை, காடை முட்டை, வாத்து முட்டை என்றால் வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வேக வேண்டும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே இன்னும் பச்சை முட்டை கூடாது என்றுதான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், முத்திரை இருந்தாலும் விருந்துக்கு வேண்டாம். முட்டை டப்பாவை நீங்கள்தான் பார்த்தீர்கள், அவர் பார்க்கவில்லை. சந்தேகத்தோடு சாப்பிடுகிற இனிப்பு எப்படி ருசிக்கும்?

சீஸ் என்றாலே பயப்பட வேண்டாம். பாஸ்சரைஸ் செய்த, அதாவது கிருமி சாகும்படி சூடாக்கிய பாலில் செய்த மஸ்கார்போனே, கிரீம் சீஸ், ரிக்கோட்டா மூன்றும் இங்கே அனுமதிக்கப்பட்டவை. வெள்ளைத் தோல் படர்ந்த பிரீ, காமம்பேர் போன்றவற்றை ஆவி பறக்கச் சூடாக்காமல் கொடுக்கக் கூடாது. சூப்பர்மார்க்கெட் பால் அநேகமாக எல்லாமே பாஸ்சரைஸ் செய்ததுதான். ஆனால் இங்கிலாந்தில் சில பண்ணைகளில் கறந்த பாலை அப்படியே விற்கிறார்கள். ஊர் ஞாபகத்தில் வாங்கி வந்தால், பொங்கக் காய்ச்சாமல் எதிலும் ஊற்றாதீர்கள்.

மதுவும் கவனிக்க வேண்டியது. டிரைஃபிள் என்ற அடுக்கு இனிப்பில் ஷெரி என்ற ஒயினும் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் பிராந்தியும் சேர்ப்பது இங்கே வழக்கம், வேகவைத்தாலும் மது முழுதாகப் போய்விடாது. அதற்குப் பதில் ஆரஞ்சுச் சாறு ஊற்றினால் போதும். காபி ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீன் வரை என்பது இங்குள்ள அளவு, ஒரு மக் இன்ஸ்டன்ட் காபியிலேயே 100 போய்விடும். காபி போட்ட இனிப்பு என்றால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் கணக்குப் பார்த்துக்கொள்வார். சாக்லேட் கேக்குக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

சரி, என்ன செய்யலாம்? இப்போது நான் செய்வது ஆப்பிள் கிரம்பிள் (ஆப்பிள் துண்டுகள் மேல் வெண்ணெய் பிசிறிய மாவைத் தூவிச் சுடுவது), மேலே சூடான கஸ்டர்டு. கிரம்பிள் ஓவனில் குமிழி விடும் வரை வேகும். நம் வீடுகளில் பழக்கமான கஸ்டர்டு பவுடரில் முட்டை கிடையாது, அது சோளமாவுதான். ஆங்கிலேயருக்கும் பிடிக்கும், நமக்கும் பிடிக்கும். சேமியா பாயசமும் கேரட் அல்வாவும் எப்போதும் கைகொடுக்கும். ஃபுரூட் சாலட் என்றால் உரிக்கிற பழமானாலும் கழுவிவிட்டு, அவர் வந்த பிறகு நறுக்குங்கள்.

முன்கூட்டியே ஒரு மெசேஜ் அனுப்பி, சேராதது ஏதாவது உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. நம் பக்கத்துப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இங்கே 24 முதல் 28 வாரத்துக்குள் அதற்குச் சோதனை வைப்பார்கள். அது வந்திருந்தால் பாயசம் அவருக்குச் சோதனையாகிவிடும். தமிழ்ப் பெண்ணாக இருந்தால் பப்பாளி, அன்னாசி, எள் மூன்றையும் நான் வைப்பதே இல்லை. நன்கு பழுத்த பப்பாளி வேறு, காய் வேறு என்றெல்லாம் விருந்து மேசையில் விளக்கம் சொல்வது அழகில்லை. அவர் அம்மா சொல்லி அனுப்பியிருப்பார்.

மிச்சமானதை டப்பாவில் போட்டுக் கொடுப்பது நம் வழக்கம் இல்லையா? அரிசிப் பாயசம், சர்க்கரைப் பொங்கல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுங்கள். மறுநாளுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடச் சொல்லுங்கள். வெளியில் வைத்த சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு சூடாக்கினாலும் போகாது.

அப்புறம் ஒன்று. இங்கே பலர் பன்னிரண்டாம் வார ஸ்கேன் முடியும் வரை வெளியில் சொல்ல மாட்டார்கள். யாராவது இனிப்பை வேண்டாம் என்று ஒதுக்கினால், நம் ஊர்ப் பாசத்தில் எல்லார் முன்னிலையிலும் "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டுவிடாதீர்கள். பேசாமல் கஸ்டர்டுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்துங்கள்.