குளிர்காலத்துக்கு முன் வீட்டில் எதில் கை வைப்பது?

கேள்வி: இந்த வீட்டில் இதுதான் எங்களுக்கு முதல் குளிர்காலம். ஹீட்டர் ஓடினாலும் கூடத்தில் காலெல்லாம் சில்லிடுகிறது. எதை முதலில் பார்ப்பது?

பதில் 1: தண்ணீர்க் குழாயைத்தான். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும், குழாய் வெடித்துவிடும். வெளிக் குழாயில் மாட்டிய ஹோஸைக் கழற்றுங்கள். உள்பக்க வால்வை மூடிவிட்டு, வெளியே திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். அப்புறம், மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். நடுராத்திரியில் டார்ச்சோடு தேடுவது பெரிய கொடுமை.

பதில் 2: சில்லிப்புக்கு ஊதுபத்தி வைத்தியம்! காற்றடிக்கும் நாளில் கொளுத்தி, திரையை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். புகை வளையும் இடத்தில் சந்து இருக்கிறது. நுரை டேப் ஒட்டினால் சரி.

கேட்டவர்: பார்த்தேன். ஜன்னலில் இல்லை, வாசல் கதவடியில்தான் புகை வளைகிறது.

பதில் 1: அப்போ கதவடிக்கு பிரஷ் பட்டை போடுங்கள். ஹீட்டர் எரிவாயுவில் ஓடுகிறதென்றால் காற்றோட்டத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் சேரும் மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கான அலாரம் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.